ஆரோக்கிய நாயகனின் ஆட்சேபம்

மாவிட்டபுரம்,
கார்த்திகை முதற்கிழமை.

அன்பு மிகுந்த, அறிவும் ஓரளவு வாய்த்த மருமகன் கஜானனுக்குத் தாய்மாமன் கனகசபாபதி எழுதிக்கொள்வது.

நான் உயிரோடு இருக்கிறேன். நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் எங்கள் குடும்ப வழக்கம். ஆனால் இரண்டு கிழமையாக என்னுடைய நலத்தைப் பற்றி மயிலிட்டி தொடக்கம் ரொறன்ரோ வரைக்கும் ஆளுக்கொரு கதை நடக்கிறபடியால் அந்தச் சொல்லை நான் இப்போது தொடுவதேயில்லை. ஆகவே உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீரும் கொழும்பில் அவ்வண்ணமே இருப்பீர் என நம்புகிறேன்.

இனி நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. மாவைக் கந்தன் மேல் ஆணையிட்டுச் சொல்லுகிறேன், நம்பவே மாட்டார்கள். நீர் நம்பமாட்டீர், உம்முடைய தலைமையகம் நம்பாது, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கண்ணால் கண்ட உம்முடைய மாமி இன்றைக்கும் நம்பவில்லை. அதற்காக நான் எழுதாமல் விடமுடியுமா? சரித்திரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை நீர் ரெலிபோனில் என்ன சொன்னீர்? “மாமா, ஆண்கள் நல வாரம் எண்டு நான் கொண்டுவந்த திட்டத்தை மேலிடம் நிப்பாட்டப் பாக்குது. வடக்கிலை ஒருத்தருக்கும் உது பிடிக்கேல்லையாம். மயிலிட்டி ஐஸ் ஆலையிலை கூடக்காலம் வேலை செய்த ஆளிட்டை அபிப்பிராயம் கேட்டு எழுத்திலை தரச் சொல்லுகினம். அந்த ஆள் நீங்கள்தான். நீங்கள் வேண்டாம் எண்டு எழுதினால் அவ்வளவுதான், அடுத்த வருசம் இல்லை. எவ்வளவு சண்டை பிடிச்சு எடுத்தனான் தெரியுமோ?” என்று கெஞ்சினீர். கம்பனியின் ஊழியர் நலன்புரி அதிகாரியான நீர், மேசையும் குளிரூட்டியும் சுழல்கதிரையும் உள்ள நீர், ஒரு காது போன கிழவனிடம் கெஞ்சினீர்.

எழுதுகிறேன். வேண்டாம். இதோ எழுதிவிட்டேன். அடுத்த வருசம் மட்டுமில்லை, சூரியசந்திரர் உள்ளவரைக்கும் வேண்டாம். காரணத்தைக் கேளும்.

உம்முடைய வாரம் வருமுன் எங்கள் ஆலையில் வருத்தம் என்று ஒன்று கிடையாது. தலையில் வந்தால் அது பீனிசம், முதுகில் வந்தால் பிடிப்பு, நெஞ்சில் வந்தால் வாய்வு, வேறு எங்கே வந்தாலும் கண்ணூறு நாவூறு. பீனிசத்துக்கு ஆவி, பிடிப்புக்கு நல்லெண்ணெய், வாய்வுக்குச் சுட்ட உள்ளிப்பூடு, நாவூறுக்குச் செத்தல் மிளகாய். வைத்திய சாத்திரம் முழுவதையும் நாலே சாமானுக்குள் அடக்கி, அமோனியா மணக்க மணக்க, இடுப்பளவு குளிருக்குள் நின்று, உலகத்தின் சரிபாதி மீனைக் கெடாமல் காத்து வந்த ஆம்பிளையள் நாங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நீர் என்ன செய்தீர்? ஒரு பிள்ளையை அனுப்பினீர். ஆரணி என்று பெயர். உளவளத்துணையாளராம். நல்ல பிள்ளைதான், நான் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அது வந்து கதிரைகளை வட்டமாய்ப் போட்டு எங்கள் எல்லாரையும் இருத்திவிட்டு, “ஐயாமார், மனசிலை கிடக்கிறதை ஒருக்கால் வெளியிலை விடுங்கோ பாப்பம். ஆர் முதல்?” என்று கேட்டுது.

மருமகனே, அப்போது அந்த ஆலையில் விழுந்த அமைதியை நான் என்ன என்று எழுதுவேன்! சுனாமி வருமுன் கடல் உள்வாங்கினபோதுகூட இப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. கொம்பிரசரே வெட்கப்பட்டுத் தன்பாட்டில் நின்றுவிட்டது. துறைமுகத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் யாரோ முக்கியமான ஆள் செத்துவிட்டார் என்று எண்ணித் தொப்பியைக் கழற்றினார்கள். கடைசியில் சீவரத்தினம்தான் வாயைத் திறந்தான். என்னோடு ஒரே நேரமுறையில் வேலை செய்கிறவன், ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்து லொறிக்கு ஏற்றுகிறவன், யானையைக் கொடுத்தாலும் கொக்கி போட்டு ஏற்றுவான்.

“பிள்ளை, ரெண்டாம் தொட்டியிலை உப்புத் தண்ணி காணாது” என்றான்.

“அது தொட்டி அண்ணை. உங்களுக்கு?”

“எனக்குக் காணும்.”

“இல்லை அண்ணை, உங்கடை நெஞ்சிலை ஏதும் பாரமாக் கிடக்கோ எண்டு கேக்கிறன்.”

“ஓம், கிடக்கு.”

பிள்ளை ஆசையோடு கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுது. “சொல்லுங்கோ அண்ணை.”

“வாய்வு” என்று சொல்லிச் சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு சுட்ட உள்ளியை எடுத்து வாயில் போட்டான். வட்டம் அத்தோடு கலைந்தது.

சரி, இதைப் பொறுத்துக்கொண்டோம். மறுநாள் நேர்ஸ் பிள்ளை ஒன்று ஊசியும் பிறசர் மெசினும் கொண்டு வாசலால் உள்ளே வந்தது. வந்து பார்த்தால் ஆலையில் என்னைத் தவிர ஒரு சீவன் இல்லை. கொக்கிகள் தொங்குகின்றன, தேத்தண்ணிக் கோப்பைகளில் ஆவி பறக்கிறது, மனிதர் இல்லை. எங்கே போனார்கள்? ஐஸ் கட்டி அடுக்கிற குளிர் அறைக்குள் போய் உள்ளே இருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்! கூடை தூக்கும்போது ஆணி ஏறினால் பல்லால் பிடுங்கி எறிகிற வீரர்கள், ஒரு சின்ன ஊசிக்கு. நேர்ஸ் பிள்ளை போகும்வரைக்கும் நின்றார்கள். வெளியே வந்தபோது ஒவ்வொருவருடைய மீசையிலும் ஐஸ் தொங்கியது. கதைக்க வாயைத் திறந்தால் சொல்லெல்லாம் கட்டி கட்டியாய் நிலத்தில் விழுந்து உடைந்தது. ஒருவனைப் பாரைமீன் என்று நினைத்து லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தம்புள்ளை தாண்டினபிறகு பின்னுக்கிருந்து தும்மல் கேட்டுத்தான் சாரதி நிறுத்திப் பார்த்தானாம். நம்பமாட்டீர், சொன்னேனே.

அப்போ நீங்கள் ஏன் மாமா ஓடவில்லை என்று கேட்பீர். என்னுடைய வலக்காதை நான் எப்போதோ கொம்பிரசருக்குத் தானமாய்க் கொடுத்துவிட்டவன். அந்தப் பக்கத்தால் நேர்ஸ் வந்தது, எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கையில் பட்டி சுற்றியாயிற்று. இப்படியாக, ஆலை முழுவதிலும் சோதிக்கப்பட்ட ஒரே ஆம்பிளை நான். முதலாம் இடம் நான், இரண்டாம் இடம் காலி, கடைசி இடமும் நான்தான். ஆகவே உம்முடைய திட்டத்தின்படி நானே மயிலிட்டி ஐஸ் ஆலையின் ஆரோக்கிய நாயகன்.

அழிவு இங்கேதான் தொடங்கியது. ஆரோக்கிய நாயகனின் படத்தைப் பெரிதாக அடித்து ஆலை வாசலில் கட்டவேண்டும், மற்றவர்களுக்கு ஊக்கமாயிருக்கும் என்று உம்முடைய கடிதத்தில் இருந்ததாம். எங்கள் முகாமையாளர் செந்தூரன், மீசை இன்னும் ஊருக்குள் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வயது, கடிதத்தில் கண்டதைச் செய்யாமல் தூங்கமாட்டார். என்னுடைய அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுபோய்ச் சந்தியில் பதாகை அடிக்கிற நிருஷனிடம் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் ஆளின் படத்தைப் பெரிதாய் அடித்துத் தெருவில் கட்டுவது எதற்கு என்று உமக்குச் சொல்லித் தரவேண்டுமா? நீர் பிறந்த ஊர்தானே இது! நிருஷன் தொழில் தொடங்கின நாள் முதல் அடித்ததெல்லாம் கண்ணீர் அஞ்சலி. கையும் கணினியும் அதற்கே பழகிவிட்டது. முட்டை வடிவ வட்டத்துக்குள் என் முகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. பின்னால் ஊதா நிற மேகம். மேலே வெள்ளைப் புறா இரண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவை போல. ஒரு பக்கத்தில் நான் பிறந்த ஆண்டு, மறுபக்கத்தில் பிறசர் பார்த்த திகதி. அடியில் “நிர்வாகத்தினரும் சக ஊழியர்களும்.” ஆரோக்கிய நாயகன் என்ற எழுத்து? இருக்கிறது, ஏன் இல்லை. மஞ்சள் வெளிச்சத்தின் மேல் மஞ்சள் எழுத்தில் இருக்கிறது. பருந்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டாலும் தெரியாது.

பிறகு நான் போய் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

“ஏன்ரா தம்பி விளக்குப் போட்டனீ?”

“விளக்கில்லாட்டில் படம் வெறுமையாக் கிடக்கும் அண்ணை. எல்லாரும் விளக்கோடைதான் கேக்கிறவை.”

“கேட்டவை இப்ப எங்கை இருக்கினம்?”

“அவை கேக்கேல்லை அண்ணை, அவையின்ரை ஆக்கள்” என்றான்.

“அப்ப உந்தப் புறா?”

“அது நாங்களா அன்புக்குப் போட்டு விடுறது.”

பதாகையைக் கட்டின அன்று எனக்கு லீவு. ஒன்றும் அறியாதவனாய் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வளவுக் கந்தப்பு குலையோடு ஒரு வாழைமரத்தைத் தோளில் சுமந்துகொண்டு படலையைக் காலால் தள்ளித் திறந்து வருகிறான். செத்தவீட்டு வாசலில் கட்டுகிற வாழை.

“ஆர் உது?” என்றான்.

“நான்தான், கனகசபாபதி.”

“வீட்டிலை ஆயிரம் அலுவல் கிடக்கு, நீ நிண்டு குளிக்கிறாய்! போய் உன்ரை மனிசியைத் தேத்தடா.”

“என்னத்துக்கு?”

“நீ செத்ததுக்கு.”

அந்த நேரம்தான் உம்முடைய மாமி அருந்ததி சந்தைக்குப் போய்விட்டு வேகமாக வந்தார். வந்தவர் என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். கத்தரிக்காய்ப் பையை நிலத்தில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினார்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் செத்ததெண்டு சந்தி முழுக்கக் கதைக்கினம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே? மீன்காரி சொல்லித்தான் நான் அறியோணுமோ?”

“எனக்கே இப்பத்தானப்பா தெரியும்.”

“உங்களுக்கு எதுதான் நேரத்துக்குத் தெரிஞ்சது? ஆக்கள் வரப்போகினம், வெறும் மேலோடை நிக்காதையுங்கோ. போய் வேட்டியைக் கட்டுங்கோ. மானம் போகுது.”

ஆட்கள் வந்தார்கள். எப்படி வந்தார்கள்! மாவிட்டபுரத்திலிருந்து கீரிமலைக் கேணி வரைக்கும் சனம் ஒரே வரிசையில். பருத்தித்துறை பஸ் பாதை தெரியாமல் எங்கள் வளவுக்குள் வந்து திரும்பியது. தொழிலுக்குப் போன வள்ளங்கள் அரைவழியில் திரும்பின, கோடியக்கரையிலிருந்து சிலர் நீந்தி வந்ததாகவும் கேள்வி. பந்தல்காரர் கம்பு நட இடமில்லாமல் என்னையே ஒரு மூலையில் நிறுத்திக் கயிறு கட்டினார்கள். நான் விறாந்தையில் ஏறி, “நான் உயிரோடைதான் இருக்கிறன்” என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கொஞ்சம் தள்ளி நில் ராசா, சொந்தக்காரருக்கு இடம் விடு” என்றாள். சாவகச்சேரியிலிருந்து வந்த சகலன் கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயரையும் பிடித்துவிட்டான். உம்முடைய அம்மா, என்னுடைய உடன்பிறந்தவள், ரெலிபோனில் என்னோடு கதைத்துக்கொண்டே எனக்காக அழுதாள்.

“ஐயோ அண்ணை, ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டியளே!”

“போகேல்லைப் பிள்ளை, நான்தான் கதைக்கிறன்.”

“அண்ணையின்ரை குரல் மாதிரியே கிடக்கு. நீங்கள் ஆர் தம்பி? செலவுக்கு ஒருத்தரும் கஷ்டப்படாதேங்கோ” என்று வைத்துவிட்டாள்.

பின்னேரம் ஆலை வாசலில் அஞ்சலிக் கூட்டம். நானும் வேட்டி சால்வையோடு போனேன். என்னுடைய கூட்டத்துக்கு நான் போகாமல் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? பின்வரிசையில் ஒரு கதிரை கிடைத்தது. செந்தூரன் தான் கட்டின பதாகையைப் பார்த்துத் தானே நம்பிவிட்டார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விம்மினார். “அமரர் கனகசபாபதி அண்ணை ஒரு நாளும் வருத்தம் எண்டு லீவு எடுத்தவரில்லை. டெங்குக் காய்ச்சலோடை வந்து மெசின் ஓட்டினவர். விரல் நசிஞ்ச அண்டைக்கும் துணியைச் சுத்திக்கொண்டு நிண்டவர். ஒரு காது கேளாமல் போனதை எங்கள் ஒருத்தருக்கும் அவர் சொன்னதேயில்லை. நாங்களாத்தான் கண்டுபிடிச்சனாங்கள்” என்றார். சனம் உச்சுக் கொட்டியது. கேட்கக் கேட்க எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பிறகு, ஏன் என்று தெரியவில்லை, கொஞ்சம் பயமும் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், “நல்ல மனிசன் போல கிடக்கு” என்றேன். “நல்லவர்தான், விசரன்” என்றார் அவர்.

திடீரென்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: “உவர் ஆரோக்கிய நாயகன். சோதிச்சுப் பாத்து முதலாமாள் எண்டு சொன்ன ஆள். உவரே போட்டார் எண்டால், சோதிக்காத நாங்கள்?”

அவ்வளவுதான். எனக்கும் வாய்வு, எனக்கும் வாய்வு என்று ஆளுக்காள் எழும்பினார்கள். இத்தனை வருசம் மறைத்து வைத்த வாய்வு முழுவதும் ஒரே நேரத்தில் வெளிவந்தால் என்ன நடக்கும்? லொறியில் ஏறினான் ஒருவன், உழவு இயந்திரத்தில் ஏறினான் ஒருவன், ஒன்றும் கிடைக்காதவன் ஐஸ் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு தள்ளச் சொன்னான். ஆசுபத்திரி வாசலில், “வருத்தக்காரர் ஆர்?” என்று கேட்டதற்கு, கூட்டிக்கொண்டு போன சாரதிகளும் சேர்ந்து கை தூக்கினார்களாம். குடாநாட்டில் உள்ள பிறசர் மெசின் எல்லாம் அன்று இரவு களைத்துப் படுத்துவிட்டன. இங்கே துறைமுகத்தில் ஐஸ் இல்லை, மீன் கரையில் கிடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. மயிலிட்டிப் பூனைகள் அந்தக் கிழமை தின்ற தீனியில் இன்றுவரைக்கும் மதில் ஏறமுடியாமல் ஆள் வைத்து ஏற்றுவிக்கின்றன.

அதோடு விட்டார்களா? மருந்துக் குளிசைப் பையோடு திரும்பி வந்தவர்கள் இப்போது வேறு கதையே கதைப்பதில்லை. முன்பு தேத்தண்ணி நேரத்தில் பாரை, அறக்குளா, அரசியல் என்று உருப்படியாய் ஏதாவது கதைப்போம். இப்போது, “உனக்கு மேலுக்கு எவ்வளவு? கீழுக்கு எவ்வளவு?” ஒருவன் தன்னுடைய கொலஸ்ரோலை, மகள் ஒன்பது பாடமும் ஏ எடுத்த மாதிரி வீடுவீடாய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சு பொறுக்காமல் எழுதுகிறேன், ஆலைத் தேத்தண்ணியில் சீனியை நிறுத்திவிட்டார்கள். செத்தவன் நான், சீனி இல்லாதவனும் நான். இது என்ன நியாயம்?

சீவரத்தினம் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவனுடைய கதையை நான் இதில் எழுதப்போவதில்லை. தலைமையகம் வாசிக்கிற கடிதத்தில் அது என்னத்துக்கு?

ஆகையினால், மருமகனே, என்னுடைய முடிந்த முடிவு: ஆண்கள் நல வாரத்தை வேரோடு பிடுங்கிக் கடலில் எறியவும். ஆம்பிளையளை அவரவர் வாய்வோடு நிம்மதியாய் இருக்க விடவும். சீனியைத் திருப்பித் தரவும். என்னை எழுத்து மூலம் உயிர்ப்பித்து, அதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பவும், விளக்கும் புறாவும் இல்லாமல்.

மாவைக் கந்தனும் நகுலேஸ்வரப் பெருமானும் உமக்கும் தனுஷாவுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வையாமல் காப்பார்களாக. உம்முடைய அம்மாவுக்கு, அண்ணை இருக்கிறார் என்று ஆறுதலாக, தண்ணீர் ஒரு கிளாஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லும். ஒருமுறை போய்வந்தவனுடைய ஆசீர்வாதம், பலிக்காமல் போகாது.

இங்ஙனம்,
கட்டாயத்தின் பேரில் ஆரோக்கிய நாயகனாகிய
உம்முடைய தாய்மாமன்,
வே. கனகசபாபதி.

பி.கு.: கடிதத்தை மடிக்கமுன் உம்முடைய மாமி பறித்து வாசித்துவிட்டார். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உந்தப் புளுகை அனுப்பினால் மேலிடம் மெய்யாத்தான் நிப்பாட்டிப் போடும். அப்ப சீவரத்தினம் மாதிரி இன்னும் எத்தினை பேர் கிடக்கினமோ, அவைக்கு ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?” என்று கேட்டார். “எழுதுங்கோ” என்று பேனையைக் கையில் தந்துவிட்டு முன்னால் இருக்கிறார். எழுதாமல் எழும்ப விடமாட்டார் போலக் கிடக்கிறது.

அதனால் எழுதுகிறேன். சனம் வரவில்லை. பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, பேச்சும் இல்லை. கந்தப்பு வந்தது ஏணி இரவல் கேட்டு. குளிர் அறைக்குள் ஒளித்தவர்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் ஒளித்தார்கள், ஒருவரும் தம்புள்ளைக்குப் போகவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் பேசினதாக எழுதினதெல்லாம் நானாகச் செந்தூரன் வாயில் போட்டது. ஆசுபத்திரிக்கு ஒருவரும் ஓடவில்லை. பூனைகள் வழமைபோல மெலிந்துதான் இருக்கின்றன. உம்முடைய அம்மா ரெலிபோனில் அழவில்லை, பதாகையின் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், உமக்குத் தெரியும். சீனியை நிறுத்தினது ஆலை அல்ல, நேர்ஸ் பிள்ளை எழுதித் தந்த துண்டைக் கண்டுவிட்டு மாமிதான். பதாகை தொங்கினது ஒரு பகல். பின்னேரமே செந்தூரன் வெட்கப்பட்டுக் கழற்றிவிட்டார்.

ஆனால் அந்த ஒரு பகலில் சீவரத்தினம் அந்த வழியால் சைக்கிளில் போயிருக்கிறான். வாய்வு கூடிவிட்டது என்று சொல்லி இரண்டு நாள் வேலைக்கு வராதவன், ஆலையில் நடந்தது ஒன்றும் அறியாதவன். படத்தைக் கண்டவன் நேரே என்னுடைய வீட்டுக்கு மிதித்து வந்தான். நான் படலையில் கம்பி கட்டிக்கொண்டு நின்றேன். என்னைக் கண்டதும் சைக்கிளை அப்படியே விழ விட்டான். நிலத்தில் குந்தினான்.

“அண்ணை, நீங்கள் இருக்கிறியள்” என்றான்.

“இருக்கிறன். நீ ஏன்ரா அழுறாய்?”

“எனக்கு ஆவணியிலை இருந்து இருக்கண்ணை. ஐஸ் இழுக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சு இடக்கையாலை இறங்குது. சுபாஜினிக்குச் சொல்லேல்லை, அவள் பயந்திடுவாள். ஆலையிலை சொன்னால் நிப்பாட்டிப் போடுவினம். நீங்களும் உப்பிடித்தான் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்து போட்டியள் எண்டு நினைச்சன்.”

“வாய்வெண்டு சொன்னியேடா.”

“அது கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறதண்ணை.”

ஓட்டோ ஒன்றைப் பிடித்துப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுவதும் என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தான், நான் நல்ல காதை அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். இரத்தக்குழாய் அடைத்துக் கிடந்ததாம். சின்னக் குழாய் ஒன்று வைத்துத் திறந்துவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். அவனுடைய மனைவி சுபாஜினி, சுட்ட உள்ளிக்கு இடமில்லாமல், சட்டைப்பை எல்லாவற்றையும் தையல் போட்டு மூடிவிட்டாள். அந்த ஆரணிப் பிள்ளை திரும்ப எப்ப வரும் என்று என்னிடம் கேட்கிறான், தொட்டியைப் பற்றிக் கதைக்க அல்ல.

பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு இன்னும் போகவில்லை. நீர் நலன்புரி அதிகாரி அல்லவா, அவனைக் கொம்பிரசர் அறையில் என்னோடு போடும். நான் ஓய்வு பெறமுன் மெசினைப் பழக்கிவிடுகிறேன். காதுக்கு மூடி ஒன்றும் சேர்த்து அனுப்பும், எனக்கில்லை, அவனுக்கு. ஆண்கள் நல வாரத்தை அடுத்த வருசமும் நடத்தலாம் என்று கனகசபாபதி எழுதினதாக மேலிடத்துக்கு ஒரு வரி அனுப்பும், மிச்சத்தைக் கிழித்துப் போடும்.

படலையடியில் அவன் அழுதது மட்டும் உண்மை. என்னுடைய கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அது அமோனியா. வீட்டுப் படலையடியில் அமோனியா எங்கே இருந்து வந்தது என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதேயும்.